சாதாரண தரமும் ரேங்கும்: கிழமைக்கு எத்தினை மட்ச் கட்டும்?

#1 · கொக்காவில்_கோபுரம்

தரம் 10 இலிருந்து உயர்தரம் வரை படிச்சுக்கொண்டு, ஸ்குவாட்டாச் சேர்ந்து போட்டிக்கு விளையாடுற பெடியள், பெட்டையளுக்கான இழை இது. கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார்ப் பக்கத்து ஆக்கள் எழுதினா நல்லம். கொழும்பில ஃபைபர் வச்சிருக்கிறவர் போடுற அட்டவணை எங்களுக்குச் சரிவராது. பள்ளிக்கூடம் 7.30 இலிருந்து 1.30. பஸ்ஸோ சைக்கிளோ, வீட்ட வந்து சேர ரெண்டு மணி. மூண்டு மணிக்கு ரியூசன். இதுக்குள்ள ரேங்கை (புள்ளி ஏறி இறங்கிற மட்ச்) எங்க வைக்கிறது, ஸ்கிரிமை (ரீமுக்கு ரீம் போடுற பயிற்சி மட்ச்) எங்க வைக்கிறது?

"போனைத் தூக்கி அடுப்புக்குள்ள போடு" எண்டு சொல்ல வாறவை வேற இழைக்குப் போங்கோ. "புரோ ஆகினா படிப்பு எதுக்கு" எண்டு வாறவையும் அப்பிடியே. நேரம், டேட்டா, கரண்ட், பிங் (சர்வருக்குப் போய் வாற நேரம், குறைஞ்சா நல்லம்), சோதினை. இதுகளில கணக்குத் தெரிஞ்ச ஆக்கள் எழுதுங்கோ.

#2 · பரந்தன்_சந்தி

முதலில மணித்தியாலக் கணக்கை விடுங்கோ. "ஒரு நாளைக்கு ஒரு மணித்தியாலம்" எண்டு வீட்டில சொல்லுவினம், பிள்ளையும் ஓமெண்டு தலையாட்டும், ரெண்டாம் நாளே அது உடையும். நடுவில நிப்பாட்ட ஏலாத விளையாட்டை மணிக்கூட்டால வெட்டப் பாக்கிறதால தான் உடையுது. மட்ச் எண்ணிக்கையால அளவுங்கோ.

பப்ஜி மொபைலில எரங்கல் எண்ட பெரிய மப்பில கடைசி வட்டம் வரை நிண்டா 30 நிமிசம் போகும். லொபி, பிளேன், முடிஞ்சாப்பிறகு "நீ ஏன்ரா ஸ்மோக் போடேல்ல" எண்டு கதைக்கிறது எல்லாம் சேத்து 40 எண்டு வையுங்கோ. சின்ன மப் லிவிக் 15, சேத்து 20. ரிடிஎம் (ரீமுக்கு ரீம் சுடுற சின்ன மட்ச்) 40 கில் அல்லது 10 நிமிசம், எது முந்துதோ அது. ப்ரீ பயர் கிளாஷ் ஸ்குவாட் நாலு ரவுண்ட் வெண்டாச் சரி, பெரும்பாலும் 10 நிமிசக் கதை. கம்பியூட்டர் கேம் வலரண்ட் தான் மோசம். 13 ரவுண்ட் வெல்லவேணும், 35–40 நிமிசம் சாதாரணம், 12–12 எண்டு வந்து ஓவர்டைம் போனா ஒரு மணித்தியாலத்துக்குக் கிட்டப் போகும். அதின்ர சின்ன மட்ச் சுவிஃப்ட்பிளே 5 ரவுண்ட், கால் மணித்தியாலம்.

இப்ப "கடைசி கியூ நேரம்" எண்டு ஒண்டு வையுங்கோ, கியூ எண்டது மட்ச் துடங்கச் சொல்லி அமத்திறது. போனை வைக்கவேண்டிய நேரத்திலயிருந்து அந்த மட்ச் ஆகக்கூட எடுக்கிற நேரத்தைக் கழிக்கிறது. சராசரியைக் கழிச்சா பாதி நாளில பிழைக்கும். 7 மணிக்குப் புத்தகம் எண்டா எரங்கலுக்குக் கடைசி கியூ 6.20, லிவிக்குக்கு 6.40, வலரண்ட் ரேங்குக்கு 6.00. மணி 6.25 ஆகிட்டா எரங்கல் இல்லை; லிவிக் ஒண்டு போடலாம், இல்லாட்டி ட்ரெயினிங் கிரவுண்ட். இந்த நேரங்களை எழுதிச் சுவரில ஒட்டுங்கோ. அம்மா வந்து "காணும், வை" எண்டு சொல்லவேண்டிய இடம் மட்சின்ர நடு இல்லை, கியூ அமத்திறதுக்கு முன்னம் எண்டு அவவுக்கும் விளங்கும்.

#3 · ரீச்சர்_மல்லாவி

தம்பி பரந்தன் சொன்ன அளவு நல்லது. படிப்பையும் அதே மாதிரி முழு முழுத் துண்டாக வெட்ட வேண்டும். "கணிதம் படித்தேன்" என்பது அளவு இல்லை.

சாதாரண தரக் கணிதம் பகுதி I இரண்டு மணித்தியாலம்: சிறுவினா 25, அதன்பின் அமைப்பு வினா 5. பகுதி II மூன்று மணித்தியாலத்தில் 12 வினாக்களில் 10 செய்ய வேண்டும், ஆக ஒரு வினாவுக்கு 18 நிமிடம். விஞ்ஞானம் பகுதி I இல் 40 பல்தேர்வு ஒரு மணித்தியாலத்தில், ஒன்றுக்கு ஒன்றரை நிமிடம். எனவே கடந்தகால வினாத்தாள் ஒன்றிலிருந்து இரண்டு பகுதி II வினா, மணிக்கூடு வைத்து, 36 நிமிடம். அது ஒரு அலகு. கிட்டத்தட்ட ஒரு எரங்கல் ஆட்டத்தின் நேரம்.

அலகு செய்து, விடைத்திட்டத்தோடு ஒப்பிட்டு, பிழைத்த படியைச் சிவப்பில் குறித்த பிறகுதான் கியூ. வரிசையை மாற்றாதீர்கள். ஆட்டம் முடிந்து உடனே உட்கார்ந்தால், தோற்ற ஆட்டத்தைத்தான் மூளை திருப்பித் திருப்பி ஓட்டும். திரிகோண கணிதத்தில் கை வைத்தால் குறி மாறிப்போகும்.

உயர்தரத்துக்கு இந்தத் துண்டு போதாது. இணைந்த கணிதத்தில் பகுதி B வினா ஒன்று பாதியில் விட்டுவிட்டுத் திரும்பி வந்து தொடரக் கூடியது அல்ல. தாள் ஒன்றுக்கு மூன்று மணித்தியாலம், பகுதி A இல் பத்தும், பகுதி B இல் ஏழில் ஐந்தும். அதற்கு இடைவெளி இல்லாத இரண்டு மணித்தியாலமாவது வேண்டும்.

#4 · பரந்தன்_சந்தி

ரீச்சர், ஒரு இடத்தில மட்டும் இடிக்குது. பின்னேரம் 5.30–6.45 தான் பிங் நல்லா இருக்கிற நேரம், இரவு ஏழுக்குப் பிறகு டவரில நெரிசல். படிச்சு முடிச்சிட்டு எட்டரைக்கு கியூ போட்டா 60 இருந்த பிங் 180 ஆகும்.

#5 · ரீச்சர்_மல்லாவி

அப்படியானால் அலகை 2.15க்குக் கொண்டு வாருங்கள். சாப்பிட்டுவிட்டு ரியூசனுக்கு வெளிக்கிடும் வரை சும்மா போகிற அரை மணித்தியாலம் அது. பெரும்பாலானோர் அந்த நேரம் யூரியூப் ஷோர்ட்ஸ் பார்க்கிறார்கள். பின்னேரம் விளையாடினால், ஆட்டத்துக்கும் ஏழு மணிப் படிப்புக்கும் இடையில் இருபது நிமிடம் விடுங்கள். முகம் கழுவி, தேத்தண்ணி குடித்து, அடுத்த நாள் புத்தகம் அடுக்குகிற நேரம். இன்னொரு திரையைப் பார்க்கிற நேரமில்லை.

#6 · வாட்ஸ்_வெற்றி

இரவு டேட்டாவைப் பற்றி ஒருத்தரும் கதைக்கேல்லயே? பகல் டேட்டா காணாது, அதால பெடியள் 12 மணிக்குப் பிறகு தான் விளையாடுறாங்கள். காசு பிரச்சினை தானே மூல காரணம்.

#7 · டேட்டா_கணக்கு

அது பிழையான கணக்கு. வன்னியில பாதிப் பெடியளின்ர நித்திரையைக் கெடுக்கிறது இந்தப் பிழைக் கணக்கு தான், அதால நீட்டி எழுதுறன்.

ஒரு ஒன்லைன் மட்ச் டேட்டாவைத் தின்னிறது மிகக் குறைவு. படம் எல்லாம் ஏற்கனவே போனுக்குள்ள இருக்கு. ஆர் எங்க நிக்கிறான், எங்க சுட்டான் எண்ட எண்கள் மட்டும் தான் போய் வருது. மொபைல் பட்டில் ரோயல் ஒரு மணித்தியாலம் விளையாடினா பெரும்பாலும் 100 எம்பிக்கு உள்ள தான், வொய்ஸ் சட் போட்டா கொஞ்சம் கூடும். வலரண்ட் சில நூறு எம்பி. ஆனா யூரியூப் 720பி யில ஒரு மணித்தியாலம் பாத்தா அண்ணளவா ஒரு ஜிபியோ அதுக்கு மேலயோ. சூம் வகுப்பும் வீடியோ போட்டா அதுக்குக் கிட்ட. பப்ஜி பெரிய அப்டேட் ரெண்டு மாசத்துக்கு ஒருக்கா வருது, அது ஒண்டே மாசம் முழுக்க விளையாடுற மட்ச் எல்லாத்துக்கும் போறதை விடக் கூட இழுக்கலாம்.

ஆக டேட்டாவை முடிக்கிறது ஸ்ட்ரீம் பாக்கிறதும் அப்டேட்டும். நம்பாட்டி போனில செட்டிங்ஸ் போய், டேட்டா யூசேஜில ஒவ்வொரு அப்பையும் எடுத்துப் பாருங்கோ. கேம் மூண்டாவதோ நாலாவதோ இடத்தில தான் நிக்கும்.

செய்யவேண்டியது இது தான். பகல் டேட்டா மட்சுக்கும் வட்ஸ்அப் பாடக் குறிப்புக்கும். இரவு டேட்டாவுக்குப் பிள்ளை முழிச்சிருக்கத் தேவையில்லை. பிளே ஸ்டோரில ஓட்டோ அப்டேட்டைப் பகலில நிப்பாட்டி வச்சிட்டு, படுக்க முன்னம் போனைச் சார்ஜில போட்டு, டவுன்லோட் மனேஜர் அப் ஒண்டில 12.15க்குத் துடங்கச் சொல்லிப்போட்டுப் படுக்கலாம். ரியூசன் வகுப்புப் பதிவு, கடந்தகால வினாத்தாள் பிடிஎவ், ஸ்ட்ரீம் ரெக்கோர்டிங் எல்லாம் இப்பிடியே இறக்கி வைக்கலாம். கம்பியூட்டர் எண்டா ஸ்டீமில அப்டேட் நேரத்தைக் குறிக்க செட்டிங்கே இருக்கு.

ஒண்டு கவனம்: பக்கேஜின்ர இரவு நேரம் எத்தினைக்குத் துடங்கி எத்தினைக்கு முடியுது எண்டு வாசிச்சுப் பாருங்கோ, கொம்பனிக்குக் கொம்பனி மாறும். 12 க்கு முன்னம் துடங்கின டவுன்லோட் பகல் டேட்டாவில தான் வெட்டும்.

#8 · ஒலுமடு_ஸ்னைப்பர்

டேட்டா சரி. ஆனா 12 மணிக்குப் பிறகு பிங் 50 இல அசையாம நிக்குதே அண்ணை, அதுக்கு என்ன சொல்லுறீங்கள்?

#9 · கொக்காவில்_கோபுரம்

ஊர் படுத்திட்டுது, டவரில ஆக்கள் இல்லை, அதால நிக்குது. 4ஜியில ஒரு செக்டருக்கு (டவரின்ர ஒரு பக்கத்துக்கு) உள்ள கொள்ளளவை அங்க இணைஞ்ச எல்லாரும் பங்கு போடுறது. இரவு 7 இலிருந்து 10.30 வரை எல்லா வீட்டிலயும் நாடகமும் யூரியூப்பும்.

13 இலிருந்து 18 வயசுப் பிள்ளைக்கு நித்திரை 8–10 மணித்தியாலம் வேணும் எண்டு தான் நித்திரை மருத்துவக்காரர் சொல்லுறது. பஸ்ஸுக்கு 5.30க்கு எழும்பிற பிள்ளை 9.30க்குப் படுத்தாத் தான் எட்டு. 12 க்குத் துடங்கி ரெண்டு எரங்கல் போட்டா மிஞ்சிறது நாலு. அந்த நாலில சுடுற கையும் மெத்தனமாகும். பிங் 50, ரியாக்சன் அதை விட மோசம், பிறகென்ன லாபம்?

பிங்கை வேற வழியால பிடிக்கலாம். எங்கட பக்கம் பாதி வீட்டில குறை டவரில இல்லை, ரவுட்டர் வச்ச இடத்தில. தகரக் கூரை, தகரக் கதவு சிக்னலைத் தடுக்கும். ரவுட்டரை ரீவிக்குப் பின்னால ஒளிச்சு வைக்காதேங்கோ. டவர் பாக்கிற பக்க யன்னலில, நிலத்திலயிருந்து ஆறடி உயரத்தில வையுங்கோ.

பிறகு பிரவுசரில ரவுட்டர் பக்கத்துக்குள்ள போங்கோ, ஸ்டிக்கரில முகவரியும் பாஸ்வேர்டும் இருக்கும். அங்க ஆர்எஸ்ஆர்பி (சிக்னலின்ர பலம்), எஸ்ஐஎன்ஆர் (இரைச்சல் இல்லாமச் சிக்னல் எவ்வளவு தெளிவு) எண்டு ரெண்டு எண். ஆர்எஸ்ஆர்பி −90 ஐ விட மேல, அதாவது −85, −80 எண்டா நல்லம். −110 க்குக் கீழ போனா விளையாட ஏலாது. எஸ்ஐஎன்ஆர் 13 க்கு மேல நல்லம், பூச்சியத்துக்குக் கீழ எண்டா கோடு எத்தினை நிண்டும் பிரயோசனமில்லை. வேகத்தைப் பாக்காதேங்கோ, கேமுக்கு வேகம் தேவையில்லை. ரவுட்டரைக் கொஞ்சங் கொஞ்சமாத் திருப்பி, ஒவ்வொரு தரமும் அரை நிமிசம் பொறுத்து எஸ்ஐஎன்ஆரைப் பாருங்கோ. நாலு விரல் தள்ளி வச்சதுக்கே 4 இலிருந்து 11 க்கு ஏறும் இடங்கள் இருக்கு. வெளி அன்டெனா போடுற ஆக்கள், கேபிள் நீளம் கூடக்கூட சிக்னல் குறையும் எண்டதை மறக்கவேண்டாம். பத்து மீற்றருக்குள்ள முடிச்சா நல்லம்.

#10 · டேட்டா_கணக்கு

இன்னொண்டு. மட்ச் நடுவில பிங் ஒரேயடியா 400 க்குப் பாஞ்சா அது பெரும்பாலும் வீட்டுக்குள்ள இருந்து வாற பிரச்சினை. ஆரோ ஒராளின்ர போன் கூகுள் போட்டோசுக்குப் படம் ஏத்துது, இல்லாட்டி வட்ஸ்அப் பக்கப் ஓடுது. 4ஜியில அப்லோட் பாதை ஒடுக்கம், அது நிரம்பினா கேமின்ர தரவுத் துண்டுகள் வரிசையில நிக்கும். எல்லாப் போனிலயும் பக்கப்பை இரவு ஒரு மணிக்கு மாத்தி விடுங்கோ. கம்பியூட்டருக்கு வைபை வேண்டாம், லான் கேபிள்.

#11 · நெடுங்கேணி_வெயில்

வெக்கையைப் பற்றியும் சொல்லுங்கோ. மத்தியானம் ரெண்டு மணிக்குத் தகரத்துக்குக் கீழ இருந்து சார்ஜில போட்டுக்கொண்டு விளையாடினா போன் பத்து நிமிசத்தில சூடாகி, தானாவே புரோசசர் வேகத்தைக் குறைக்கும். 60 எவ்பிஎஸ் (செக்கனுக்கு மாறுற படம்) 35 ஆகும். பெடியன் "போன் பழசு, புதுசு வேணும்" எண்டு நிப்பான். கவரைக் கழட்டி, சார்ஜர் இழுத்து, கிராபிக்ஸ் ஸ்மூத், பிரேம் ரேட் எக்ஸ்ட்ரீம் போடுங்கோ, அது 60. பிரைட்னஸ் பாதி. பழைய போனில பின்பக்க மூடி கொஞ்சம் எழும்பி நிண்டா பற்றரி ஊதுது எண்டு அர்த்தம், அதை வச்சு விளையாடவே கூடாது. மாத்துங்கோ.

#12 · வாட்ஸ்_வெற்றி

வலரண்ட் விளையாடுற ஆக்களுக்கு கரண்ட். மட்ச் நடுவில போனா வெளியேறினவன் எண்டு தான் கணக்கு, கியூ தடை வரும், ரேங்க் புள்ளியும் போகும். மின்சார சபை காரணம் எண்டு வலரண்டின்ர கொம்பனி ரயட்டுக்கு எழுதிப் பிரயோசனமில்லை.

ரவுட்டரைக் காப்பாத்திறது சுகம். 12 வோல்ட் ரவுட்டர் 8 வாட் மட்டில இழுக்கும். 12 வோல்ட் 7 அம்பியர்-மணி பற்றரியில 84 வாட்-மணி, ஈயப் பற்றரியைப் பாதிக்குக் கீழ இறக்கக் கூடாது, ஆக 42. அஞ்சு மணித்தியாலம் போகும். பிளக்கின்ர நடு ஊசி பொசிட்டிவ் தானா எண்டு ரவுட்டரின்ர அடியில உள்ள படத்தைப் பாத்திட்டுக் குத்துங்கோ. நடுவில 12 வோல்ட் ரெகுலேற்றர் ஒண்டு போட்டா இன்னும் நல்லம், சார்ஜ் ஏறேக்க பற்றரி 13.8 வரை போகும். போனில விளையாடுறவனுக்கு இது காணும்.

கம்பியூட்டருக்கு அப்பிடி இல்லை. 650 விஏ யூபிஎஸ் ஒண்டு 200 வாட் சுமையில பத்து நிமிசம் தாக்குப் பிடிச்சாலே பெரிசு. நடக்கிற ரவுண்டை முடிச்சு, ரீமுக்குச் சொல்லி, ஒழுங்கா மூடுறதுக்கான நேரம் மட்டும் தான். ஒரு மட்சுக்குக் காணாது.

அதால இடி மழைக் காலத்தில, சித்திரையிலயும் ஐப்பசியிலயும், பின்னேரம் இருட்டிக்கொண்டு வந்தா ரேங்க் போடாதேங்கோ. பிளக்கையும் வெளி அன்டெனாக் கேபிளையும் கழட்டிப்போட்டுக் கொப்பி எடுக்கிற நேரம் அது. அண்டைக்குப் படிக்கிற அலகைக் கூட்டி, வெயில் நாளில ஒரு மட்ச் கூட்டி எடுக்கலாம். கணக்கைக் கிழமைக்கு வச்சா இந்த மாத்து சுகம்.

#13 · ஒலுமடு_ஸ்னைப்பர்

ஸ்கிரிமை என்ன செய்யிறது? நல்ல ரூம் எல்லாம் இரவு 9 மணிக்குத் தான் துடங்குது.

#14 · ஐஜிஎல்_புதுக்குடியிருப்பு

வேலைக்குப் போற ஆக்கள் நடத்திற ரூம் அது, அவைக்கு 9 தான் வசதி. பள்ளிக்கூட ரீம் அதுக்குப் பின்னால ஓடத் தேவையில்லை. மற்றப் பள்ளிக்கூட ரீம் நாலைஞ்சைச் சேத்து ஞாயிறு பின்னேரம் 3 இலிருந்து 6 வரை கஸ்டம் ரூம் போடுங்கோ. லொபி 100 ஆள் நிரம்பவேணும் எண்டில்லை. ஸ்குவாட் 8 வந்தா, 32 பேர், சுழற்சி (வட்டம் சுருங்கேக்க இடம் மாறுறது) பழகக் காணும். ஒரு மட்சுக்கு 40 நிமிசம், இடையில 5, ஆக மூண்டு மணித்தியாலத்தில நாலு மட்ச்.

ரீமுக்கு நாலு பேர் எண்டா ஆறு பேரை வச்சிருங்கோ. நாலு பேரின்ர ரியூசன் நேரமும் ஒருநாளும் பொருந்தாது. கூகுள் ஷீட்டில ஆறு பேர், ஏழு நாள், அரை மணித்தியாலக் கட்டம். ரியூசன், அறநெறி, தவணைச் சோதினை எல்லாத்தையும் முதலில சிவப்பில போட்டிட்டு மிஞ்சின வெள்ளையில தான் பயிற்சி. "மச்சான் ஒரு ஆள் குறையுது, வா" எண்டு ரியூசனுக்கு வெளிக்கிட்டவனைக் கூப்பிடுறது தான் எல்லா ரீமிலயும் நடக்கிற அநியாயம். ஆறு பேர் இருந்தா அந்தக் கோலே வராது. சாதாரண தரம் எழுதிறவர் தரம் 11 இன்ர கடைசித் தவணையில தானாவே சப் ஆகிடவேணும், சோதினை முடிஞ்சு இடம் திரும்பக் கிடைக்கும் எண்டதையும் முதலே எழுதி வையுங்கோ. இடம் போயிடும் எண்ட பயத்தில தான் பெடியள் விளையாட்டை விடமாட்டன் எண்டு நிக்கிறது.

#15 · பரந்தன்_சந்தி

குறைஞ்ச மட்சில முன்னேறிறதைப் பற்றியும் எழுதவேணும். ரேங்க் மட்ச் எண்டது பயிற்சி இல்லை. 40 நிமிச எரங்கலில உண்மையாச் சுடுறது நாலைஞ்சு நிமிசம், மிச்சம் ஓடுறதும் பொறுக்கிறதும். முதல் 15 நிமிசம் ட்ரெயினிங் கிரவுண்டில: ஒரே துவக்கு, எம்416 எண்டு வையுங்கோ, 3எக்ஸ் ஸ்கோப், 50 மீற்றர், 100 மீற்றர், சுவரில முழு மகசின். குண்டு அடையாளம் எந்தப் பக்கம் சாயுதோ அந்தப் பக்கத்துக்கு சென்சிட்டிவிட்டியை ரெண்டு மூண்டு சதவீதம் மட்டும் மாத்துங்கோ. ஒவ்வொரு நாளும் புது யூரியூப்காரனின்ர சென்சிட்டிவிட்டிக் கோட் போட்டா கை ஒண்டையும் பிடிக்காது. வலரண்டில எண்டா டெத்மட்ச் ஒண்டு, 9 நிமிசம்.

பிறகு மட்ச். செத்த உடன டெத் ரீப்ளே பாத்து ஒரு வரி எழுதுங்கோ: "மேட்டில நிண்டவனைப் பாக்காமத் திறந்த வெளியால ஓடினது". இருபது வரி சேர்ந்தா அதில பன்னிரண்டு ஒரே பிழை எண்டு தெரியும். ரீச்சர் சொன்ன சிவப்புப் பேனையும் இதுவும் ஒரே வேலை தான்.

ரெண்டு மட்ச் அடுத்தடுத்துத் தோத்தா அண்டைக்கு ரேங்க் இல்லை. தோத்த புள்ளியை எடுக்கப் போய்த் தான் எல்லாருக்கும் கடைசி கியூ நேரம் தாண்டுறது.

#16 · அம்மா_கனகராயன்குளம்

என்ர மகனின்ர போனில பமிலி லிங்கில ஒரு மணித்தியாலம் போட்டு வச்சிருக்கு. நேரம் முடிஞ்சு பூட்டின உடன வீட்டில யுத்தம். எடுத்துப்போடுறதா, வைக்கிறதா?

#17 · பரந்தன்_சந்தி

அக்கா, எடுக்கவேண்டாம், மாத்தி வையுங்கோ. மட்ச் நடுவில பூட்டினா மற்ற மூண்டு பேருக்கும் அவர் ஓடினவர் கணக்கு, அவரின்ர புள்ளியும் போகும். கோவம் அதில தான் வாறது. நாளாந்த அளவை விட்டிட்டுப் படுக்கை நேரப் பூட்டை மட்டும் 9.15க்கு இறுக்கமா வையுங்கோ. பகலுக்கு மட்ச் எண்ணிக்கை. அவர் எத்தினை விளையாடினவர் எண்டு கேக்கத் தேவையில்லை, கேமுக்குள்ள மட்ச் ஹிஸ்ட்ரி நேரத்தோட இருக்கும், கிழமைக்கு ஒருக்கா ரெண்டு பேருமா இருந்து பாருங்கோ.

காசையும் பாருங்கோ. உங்கட காட் நம்பரைப் பிளே ஸ்டோரில சேமிச்சிருந்தா எடுத்திடுங்கோ, வாங்கிறதுக்குப் பாஸ்வேர்ட் கேக்கிற மாதிரி வையுங்கோ. ரீலோட் காசில வெட்டுற முறையும் இருக்கு, அதையும் பாருங்கோ. "மலிவா யூசி" எண்டு கேம் காசைப் பேஸ்புக்கில விக்கிறவரிட்ட வாங்கவே கூடாது. களவெடுத்த காட்டில வாங்கினது எண்டா பிறகு கணக்கைப் பூட்டுவினம்.

#18 · அம்மா_கனகராயன்குளம்

நன்றி தம்பி. இது அடிமையாகிறது எண்டு சொல்லுறாங்களே, எப்பிடிக் கண்டுபிடிக்கிறது?

#19 · ரீச்சர்_மல்லாவி

அந்தச் சொல்லை எல்லாப் பிள்ளைக்கும் ஒட்டுவது சரியில்லை, அக்கா. உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டில், 2022 தையிலிருந்து நடைமுறையில் உள்ள 11ஆம் பதிப்பில், இது இருக்கிறது. மூன்று விடயம் பார்க்கிறார்கள். எப்போது தொடங்குவது, எப்போது நிறுத்துவது என்பதில் கட்டுப்பாடு போய்விட்டதா. மற்ற எல்லாவற்றுக்கும் மேலே விளையாட்டு வந்துவிட்டதா. கெடுதல் தெரிந்தும் தொடர்கிறதா. இவை படிப்பையும் குடும்பத்தையும் பாதிக்கும் அளவில், சாதாரணமாக ஒரு வருடமளவு நீடித்தால்தான் அந்தப் பெயர்.

கிழமைக்குப் பத்து ஆட்டம் விளையாடி, நேரத்துக்குப் படுத்து, வகுப்புக்கு வருகிற பிள்ளை அதில் இல்லை. பள்ளிக்கூட வரவு குறைவது, சாப்பாடு போவது, முந்தி விரும்பிய கிரிக்கெட்டோ கூட்டாளியோ வேண்டாம் என்று போவது தொடர்ந்தால், மாவட்ட வைத்தியசாலையின் உளநலப் பிரிவுக்குக் கூட்டிப் போங்கள், அல்லது 1926 என்ற இலக்கத்துக்கு அழையுங்கள். அது தேசிய மனநல நிறுவகத்தின் தொலைபேசி.

#20 · வாட்ஸ்_வெற்றி

2023 இல ஹாங்சோவில நடந்த ஆசிய விளையாட்டில ஈ-ஸ்போட்ஸுக்குப் பதக்கமே குடுத்தவை. இன்னும் இதைப் பொழுதுபோக்கு எண்டு எத்தினை நாளைக்குச் சொல்லப் போறம்?

#21 · ரீச்சர்_மல்லாவி

பதக்கம் உண்மை. ஆனால் இங்கே இருக்கிற பிள்ளைக்கு முன்னால் இன்னொரு கணக்கும் இருக்கிறது. பல்கலைக்கழக அனுமதியில் 40 வீதம் நாடளாவிய தகுதி, 55 வீதம் மாவட்ட அடிப்படை, 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கு மேலதிகமாக. வன்னி மாவட்டங்கள் அந்தப் பட்டியலில் உள்ளன. எங்கள் வெட்டுப்புள்ளி கொழும்பின் வெட்டுப்புள்ளி அல்ல. இங்கே சிறு இசட் புள்ளி (அனுமதிக்குப் பார்க்கிற உயர்தரப் புள்ளி) வித்தியாசம் ஒரு பிள்ளையை கிளிநொச்சி அறிவியல்நகரில் உள்ள யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பொறியியல் பீடத்துக்கோ, 2021 இல் தனிப் பல்கலைக்கழகமான வவுனியாவுக்கோ கொண்டு போகும். உலக அளவில் ரேங்க் ஏறுவதை விட இந்தக் கதவு கிட்ட இருக்கிறது என்பதுதான் என் கருத்து. கேம் செய்கிற, சர்வர் நடத்துகிற வேலைக்கும் அந்தக் கதவால்தான் போக வேண்டும்.

#22 · ஐஜிஎல்_புதுக்குடியிருப்பு

ரேங்க் போயிடும் எண்ட பயத்துக்கும் ஒரு கணக்கு. பப்ஜியில கொன்கரர் எண்டது அந்த சர்வரில மேல நிக்கிற 500 பேருக்கு மட்டும். அதில நிக்கிறதுக்கு ஒவ்வொரு நாளும் விளையாடவேணும், விட்டா மற்றவன் ஏறுவான். சோதினை வருசத்தில அதை நினைக்கவே வேண்டாம். அதுக்குக் கீழ இருக்கிற ஏஸ் வரை ஏறிட்டு நிப்பாட்டினா சீசன் பரிசு பெரும்பாலும் வந்திடும். வலரண்டில 14 நாள் விளையாடாட்டி ரேங்க் மறையும், அவ்வளவு தான். வந்து ஒரு மட்ச் விளையாடத் திரும்பத் தெரியும். மூண்டு மாசம் விட்டிட்டு வந்தா கை பிடிக்க ரெண்டு கிழமை எடுக்கும். ரோயல் பாஸ் மிஷன் கிழமைக் கணக்கில சேர்ந்து நிக்கும், சனிக்கிழமை சேத்து முடிக்கலாம். டெய்லி லொகின் பரிசுக்காகத் திறக்காதேங்கோ, திறந்தா ஒரு மட்ச் போகாம மூடுறவன் இல்லை.

#23 · கொக்காவில்_கோபுரம்

எல்லாத்தையும் சேத்து ஒரு கிழமை, தரம் 10 பிள்ளைக்கு. பிழை இருந்தாச் சொல்லுங்கோ.

திங்கள், புதன்: ரியூசன் ஆறு மணி வரை, விளையாட்டு இல்லை. செவ்வாய், வியாழன்: 2.15க்கு ஒரு அலகு, 5.30க்கு ட்ரெயினிங் 15 நிமிசம், எரங்கல் ஒண்டு, 6.25க்குள்ள போன் கீழ. வெள்ளி: பின்னேரம் ரெண்டு எரங்கல், இடையில கால் மணித்தியாலம் வெளியில நடை. சனி: காலமை 8.30க்கு முழு வினாத்தாள் ஒண்டு, சோதினை மாதிரி மேசையில, பின்னேரம் ரெண்டு. ஞாயிறு: காலமை அறநெறி, மூண்டு மணிக்கு ஸ்கிரிம் நாலு. இரவு ஏழுக்குப் பிறகு ஒரு நாளும் இல்லை, 9.30க்குப் படுக்கை. மொத்தம் எரங்கல் 10, பயிற்சியோட எட்டு மணித்தியாலத்துக்குள்ள.

#24 · ரீச்சர்_மல்லாவி

ஞாயிறு நான்கு ஆட்டத்துக்குப் பிறகு கணிதம் போடாதீர்கள், வரலாறு, இலக்கியம் வாசிக்கிற பாடம் போடுங்கள். மற்றப்படி சரி. தரம் 11 இரண்டாம் தவணையிலிருந்து வெள்ளி இரண்டையும் எடுத்துவிடுங்கள். கடைசித் தவணையில் ஸ்கிரிமும் போய்விடும், சனி பின்னேரம் ஒன்று மட்டும்.

#25 · ஒலுமடு_ஸ்னைப்பர்

சோதினை நடக்கிற நாளிலயும் ஒண்டு போடலாமோ ரீச்சர்?

#26 · ரீச்சர்_மல்லாவி

அடுத்த தாளுக்கு இடையில் மூன்று நாள் இடைவெளி இருந்தால் முதல் நாள் பின்னேரம் ஒரு லிவிக் போடுங்கள், ரேங்க் வேண்டாம். அடுத்த நாள் தாள் இருந்தால் இல்லை. ஒன்பது பாடத்துக்கும் நேரசூசி வந்த உடன் அதைக் கொண்டு வந்து உங்கள் ஐஜிஎல்லிடம் (ஆட்டத்தில் ரீமை நடத்துகிறவரிடம்) கொடுத்துவிடுங்கள், அவர் ஷீட்டில் சிவப்புப் போடட்டும்.

#27 · ஐஜிஎல்_புதுக்குடியிருப்பு

ஒலுமடு, நேரசூசியைப் படம் எடுத்து ரீம் குறூப்பில போடு. உன்ர இடத்துக்குத் தரம் 9 பெடியன் ஒராள் நிப்பான். சோதினை முடிஞ்ச அண்டு பின்னேரம் அஞ்சரைக்கு ரூம் திறந்திருக்கும்.